மருந்தாளுநர் பட்டம் கையில், வேலை எங்கே?

 

சென்ற மாதம் ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகன் பி.பார்ம் முடித்து ஓராண்டு ஆகிறது. கடைசி இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை நாமே கொடுத்திருந்தோம். மீதிக்கு அவருடைய நகை அடகில் இருக்கிறது. "நாலு வருஷம் படிக்க வச்சோம் பாய். கடைக்காரர் எட்டாயிரம் தர்றேங்கறார். இன்னொருத்தர், நீ வரவே வேணாம், சான்றிதழை மட்டும் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேங்கறார். என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உதவித்தொகை கொடுத்த நாம், அந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. அது எங்கள் குறை. அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை, கீழவாஞ்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்த்திருப்பவர்களுக்கும், சேர்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

1. ஏன் இவ்வளவு நெருக்கடி?

மருந்துத் தொழிலைக் கட்டுப்படுத்துவது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கக்கூடாது என்று அதன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் ஒரு மருந்தாளுநர் கட்டாயம். "கடைகள் பெருகினால் வேலையும் பெருகும்" என்று நம் வீடுகளில் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் கல்லூரிகள் கடைகளைவிட வேகமாகப் பெருகின. இந்திய பார்மசி கவுன்சிலே இதைக் கவனித்து, 2020-21 கல்வியாண்டு முதல் ஐந்தாண்டுகளுக்குப் புதிய கல்லூரிகள் கூடாது என்று 2019-இல் முடிவெடுத்தது. கல்லூரி நடத்துவோர் நீதிமன்றம் சென்றார்கள். ஒரு தொழிலையோ கல்வி நிலையத்தையோ தொடங்கும் உரிமையை வெறும் நிர்வாகத் தீர்மானத்தால் தடுக்க முடியாது என்று, 2022 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பட்டதாரிகள் தேவைக்கு மேல் வருகிறார்கள் என்ற கவலை அதற்கு முன்பே இருந்தது. இப்போது வாசல் மீண்டும் திறந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கடைக்கு மருந்தாளுநர் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் பல முதலாளிகளுக்குத் தேவைப்படுவது சுவரில் மாட்டும் சான்றிதழ்தான். மருந்து எடுத்துக் கொடுக்க அனுபவமுள்ள ஒரு பையன் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறான். இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்தவரும் நான்கு ஆண்டு பட்டம் படித்தவரும் அந்தக் கடைக்கு ஒன்றே. அதனால்தான் பி.பார்ம் படித்த நம் பிள்ளைக்கு டி.பார்ம் சம்பளம் பேசுகிறார்கள்.

2. எந்தப் படிப்பு எதற்கு?

டி.பார்ம் இரண்டு ஆண்டுகள். அத்துடன் 500 மணி நேரப் பயிற்சி. 2022-இல் வந்த விதிகளின்படி, டி.பார்ம் முடிப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன் வெளியேறும் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். மருந்துக் கடை, மருத்துவமனை மருந்தகம் ஆகியவற்றுக்கு இந்தப் படிப்பு போதும்.

பி.பார்ம் நான்கு ஆண்டுகள். டி.பார்ம் முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மருந்துத் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், மருந்து ஆய்வாளர் பதவி ஆகியவற்றுக்கு இந்தப் பட்டம் வேண்டும்.

பார்ம்.டி ஆறு ஆண்டுகள்; கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. நம் நாட்டில் இது 2008-இல் தொடங்கியது. இதைப் படித்தவர்களுக்கென்று தனிப் பதவிகள் மிகக் குறைவு. பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போடலாம் என்பதற்காக மட்டும் ஆறு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மகனுக்கோ மகளுக்கோ ஊரிலேயே மருந்துக் கடையில் வேலை போதும் என்றால் டி.பார்ம் செலவும் காலமும் மிச்சம். பி.பார்ம் சேர்த்தால், வேலைக்காக வெளியூர் போக வேண்டியிருக்கும் என்பதைச் சேரும்போதே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். படித்து முடித்த பிறகு "வெளியூர் அனுப்ப மாட்டோம்" என்று சொன்னால் நான்கு ஆண்டு உழைப்பு வீட்டுக்குள் முடங்கிவிடும்.

3. சான்றிதழை வாடகைக்கு விடலாமா?

அந்தத் தாய் கேட்ட இரண்டாவது கேள்வி இது. உழைக்காமல் மாதாமாதம் வரும் பணம் என்பதால் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய சோதனை.

கடை உரிமத்தில் பொறுப்பு மருந்தாளுநராகச் சான்றிதழ் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். அவர் இல்லாத நேரத்தில் யாரோ தவறான மருந்தையோ அளவையோ கொடுத்து ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்தால், அதிகாரிகள் தேடுவது சான்றிதழில் இருக்கும் பெயரைத்தான். தூக்க மாத்திரைகளும் போதைக்குப் பயன்படும் மருந்துகளும் கணக்கில்லாமல் விற்கப்பட்டாலும் அப்படித்தான். முறைகேடு நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கவுன்சிலுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. வாடகைப் பணத்துக்காக வாழ்நாள் தொழிலையே இழக்க நேரிடலாம்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. வேலை பார்க்காத கடையில் அனுபவச் சான்று வாங்கினால் அது பொய்ச் சான்று. வளைகுடா நாடுகளுக்காகச் சான்றுகளைச் சரிபார்க்கும் நிறுவனம் கடைக்கும் கல்லூரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும். ஒருமுறை 'பொய்' என்று பதிவாகிவிட்டால் பிறகு உண்மையான அனுபவத்தைக் காட்டினாலும் நம்பிக்கை வருவது கடினம்.

எல்லாவற்றுக்கும் மேல், இல்லாத இடத்தில் இருப்பதாகக் கையெழுத்திடுவது பொய் சாட்சி. நோயாளியின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தத் தாயிடம், "இதை மட்டும் செய்ய வேண்டாம் உம்மா" என்று சொன்னோம். சொல்லிவிட்டு வேறு வழி காட்டாமல் இருப்பது நியாயம் இல்லை. ஆகவே மற்ற வழிகளைப் பார்ப்போம்.

4. வேலை எங்கே இருக்கிறது?

*அரசுப் பணி:* தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-இல் 889 மருந்தாளுநர் இடங்களுக்கும், 2025-இல் 425 இடங்களுக்கும் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு இடைவெளி என்று பாருங்கள். அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். ரயில்வே, இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள், ஜிப்மர் ஆகியவையும் அவ்வப்போது ஆள் எடுக்கின்றன. காரைக்காலிலேயே ஜிப்மரின் கிளை இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வித் தகுதி, வயது, பதிவு, மொழி நிபந்தனைகளை முழுவதும் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

*எல்லை விஷயம்:* நம் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. மருந்தாளுநர் பதிவு மாநில வாரியானது. ஒருவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு வாஞ்சூரிலும் வேலை நாகூரிலும் என்றால், எந்தக் கவுன்சிலில் பதிவு வேண்டும், மாற்ற வேண்டுமா என்பதை வேலையில் சேருமுன் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

*தனியார் துறை:* பெரிய மருத்துவமனைகளிலும் சங்கிலித் தொடர் மருந்தகங்களிலும் சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். ஆனால் வருங்கால வைப்பு நிதியும் உண்மையான அனுபவச் சான்றும் கிடைக்கும். பி.பார்ம் படித்தவர்களுக்குப் புதுச்சேரி, கடலூர், சென்னை, பெங்களூரு, ஐதராபாத் பக்கம் மருந்துத் தொழிற்சாலைகளில் உற்பத்தி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் இடம் உண்டு. மருந்தின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் வேலை, மருத்துவக் குறியீட்டு வேலை ஆகியவை சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கின்றன. இவற்றுக்கு ஆங்கிலமும் கணினியும் தேவை. "மூன்று மாதப் பயிற்சி, வேலை நிச்சயம்" என்று பெரும் தொகை கேட்கும் இடங்களில், அங்கே படித்து வேலைக்குப் போன இரண்டு பேரிடம் நேரில் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

5. சபர் போகலாமா?

நம் பகுதியில் வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வளைகுடாதான். வழி இருக்கிறது, ஆனால் முன்புபோல் அகலமாக இல்லை. சவூதி அரேபியா 2025 ஜூலை 27 முதல் மருந்தாளுநர் பணிகளில் தன் நாட்டவர் பங்கை வெளி மருந்தகங்களில் 35 விழுக்காடாகவும், மருத்துவமனை மருந்தகங்களில் 65 விழுக்காடாகவும் உயர்த்தியது. மற்ற நாடுகளிலும் சான்று சரிபார்ப்பு, தகுதித் தேர்வு, அனுபவம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். டிப்ளமோ படித்தவரைப் பெரும்பாலும் உதவியாளர் நிலையில்தான் வைப்பார்கள்.

"மருந்தாளுநர் விசா" என்று சொல்லிக் கடைப் பணியாளர் விசாவில் அனுப்புவதும் நடக்கிறது. ஒப்பந்தத்தில் பதவியின் பெயரைப் பாருங்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

6. சொந்தக் கடை

சில்லறை மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், குளிர்சாதனப் பெட்டி, உரிமம், முழுநேர மருந்தாளுநர் வேண்டும். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்குக் கடைக்காரர் லாபம் 16 விழுக்காடு. மற்றவற்றுக்கு வழக்கமாக 20. உத்தேசமாக ஒரு கணக்கு: தினம் 5,000 ரூபாய் விற்றால், 20 விழுக்காடு என்றே வைத்தாலும் லாபம் 1,000, மாதம் 30,000. அதில் வாடகை, மின்கட்டணம், உதவியாளர் சம்பளம், காலாவதிச் சரக்கு எல்லாம் போக 14,000, 15,000 நின்றால் பெரிது. முதல் ஆறு மாதம் அந்த விற்பனையே வராமல் போகலாம். ஆனால் மருந்தாளுநரே முதலாளி என்றால் இன்னொருவருக்குச் சம்பளம் இல்லை. அதுதான் நம் பிள்ளைகளுக்கு உள்ள ஒரே பலம்.

மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டத்தில் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கொள்முதலுக்கு ஏற்ப மாத ஊக்கத்தொகையும் உண்டு. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய முதல்வர் மருந்தகத் திட்டத்தில் தொழில் முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அளிக்கப்பட்டது. அது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதை வாஞ்சூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். கடை வைக்க வட்டிக் கடனில் விழ வேண்டாம். மூன்று, நான்கு பேர் கூட்டாக முதல் போட்டு, ஒப்பந்தம் எழுதிக்கொண்டு செய்யலாம்.

7. சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. அந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டு, இந்தப் படிப்புக்கு இந்திய பார்மசி கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா? ஒப்புதல் இல்லாத கல்லூரியில் படித்தால் பதிவே கிடைக்காது.
2. கட்டணம், விடுதி, தேர்வு, பயிற்சி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
3. போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? விளம்பரத்தில் அல்ல, அவர்களிடமே கேளுங்கள்.
4. பிள்ளைக்கு வேதியியலில் உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா? அல்லது மருத்துவ இடம் கிடைக்காத ஏமாற்றத்தில் சேர்க்கிறோமா?
5. வெளியூர் வேலைக்கு வீடு சம்மதிக்கிறதா?

இனி இந்தப் படிப்புக்கு நம்மிடம் உதவி கேட்டு வருபவர்களிடம் இந்த ஐந்தையும் கேட்போம். ஜகாத், சதகா பணத்தைக் கொடுத்தவர்களுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் உதவியை மறுக்க மாட்டோம். வேறு படிப்பைப் பற்றிச் சேர்ந்து பேசுவோம்.

அந்தத் தாயின் மகன் இப்போது காரைக்காலில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் சேர்ந்திருக்கிறார். சம்பளம் பெரிதல்ல. ஆனால் தினமும் வேலைக்குப் போகிறார். தன் பெயரில் தானே கையெழுத்திடுகிறார். இரவில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மீட்க வட்டியில்லாக் கடன் கொடுப்பது பற்றி நிர்வாகிகள் பேசி வருகிறோம்.

மருந்தாளுநராக ஏற்கெனவே பணியில் இருக்கும் நம் சகோதர, சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூரில் இருந்தாலும் சபரில் இருந்தாலும், உங்கள் பணியிடத்தில் காலியிடம் வந்தால் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதிதாக முடித்தவர்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேர்வுக்கும் நேர்காணலுக்கும் வழி சொல்லுங்கள். பணம் கொடுப்பதுபோல் இதுவும் தர்மம்தான்.

நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் பயனுள்ளதாக்கி, ஹலாலான ரிஸ்கை விசாலமாக்கித் தருவானாக! ஆமீன்.