ஔடத தானமும் உடன்பிறந்தாள் தரும் மஜ்ஜையும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் ஒப்புவிப்பர். ஆகார தானத்தை விழாதோறும் செய்கிறோம்; சாத்திர தானத்துக்கு நூல் அச்சிட்டு வழங்குகிறோம். ஔடத தானம் மட்டும் பெரும்பாலும் நன்கொடைச் சீட்டோடு நின்றுவிடுகிறது. கொடுப்பவர் தம் உடலிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டிய ஔடதமும் ஒன்று உண்டு. அத்தகைய தானத்துக்கு ஆயத்தமாகி வரும் நம்மவர் குடும்பம் ஒன்றோடு சில திங்களாக நாம் பழகி வருகிறோம். அவர்களுக்கு எழுந்த ஐயங்கள் நாளை நம்மில் எவருக்கும் எழக்கூடும் ஆதலின், பெயரும் ஊரும் கூறாது இங்கு எழுதுகிறோம்.

மகனுக்கு வயது 16. காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் தோன்றின. பல் துலக்குகையில் குருதி நிற்கவில்லை. ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று மருத்துவர் கண்டறிந்தனர். எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றையும் ஆக்கும் உலை. இந்நோயில் அவ்வுலை அவிந்துவிடுகிறது. இது புற்றுநோயன்று, ஆயினும் கடுமையானால் அதற்குக் குறைந்ததுமன்று. இளவயதினருக்கு, முற்றும் பொருந்தும் உடன்பிறப்பு இருப்பின், மஜ்ஜை மாற்றமே முதல் சிகிச்சையாகக் கருதப்படுகிறது. நம் நாட்டில் இச்சிகிச்சை புதிதன்று. 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஒரு சிறுமிக்கு அவள் உடன்பிறந்தான் மஜ்ஜை அளிக்க, முதன்முதலாக அது வெற்றி கண்டது. நம் ஊர்களுக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் 1986 முதல் நடைபெற்று வருகிறது.

பொருத்தம் என்பது இரத்தப் பிரிவைப் பற்றியதன்று. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்களில் ஒரு பாதியைத் தந்தையிடமிருந்தும் மறு பாதியைத் தாயிடமிருந்தும் பிள்ளை பெறுகிறது. ஆகவே பெற்றோர் பொதுவாகப் பாதி அளவே பொருந்துவர். உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இவ்வில்லத்தில் உடன்பிறந்தவள் ஒருத்தியே. 13 வயதினள். அவள் முற்றும் பொருந்தினாள். செய்தி வந்த நாளில் வீடே மகிழ்ந்தது. அவளை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் உறவினர் அறிய வேண்டியன சில.

நோயுற்றவனுக்கு அடிக்கடி குருதி ஏற்ற வேண்டியிருந்தது. சிற்றப்பன்மாரும் தாய்மாமனும் கையை நீட்டிக்கொண்டு முன்வந்தனர். மஜ்ஜை மாற்றத்துக்குக் காத்திருப்பவர்க்கு இரத்த உறவினர் குருதி தருதல் ஆகாது. உறவினரின் அணுக்களை எதிர்க்க அவ்வுடல் பழகிவிடின், பின்னர் உடன்பிறந்தாளின் மஜ்ஜையையும் அது தள்ளிவிடக்கூடும். ஊருக்குள் கொண்டு கொடுத்தே வாழும் நம் போன்ற சிறு சமுதாயத்தில் உறவல்லாதவரைத் தேடுவது எளிதன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அயலூர் இளைஞர் சிலரும், தந்தையோடு பணிபுரியும் பிற சமயத்தாருமே கைகொடுத்தனர்.

உணவு பற்றி அன்னையார் பெரிதும் அஞ்சினார். மாற்றத்துக்கு முன் சில நாள் கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையையும் எதிர்ப்பாற்றலையும் ஒடுக்குவர். புதிய மஜ்ஜை வேர்கொள்ள ஏறத்தாழ 2 முதல் 4 வாரம் ஆகும். அக்காலத்தில் சிறு கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். எனவே நன்கு வெந்ததையே உண்ணல், கொதித்தாறிய நீரையே பருகல், சமைத்ததை நெடுநேரம் வையாது உடனே பரிமாறல் என மருத்துவமனை விதித்தது. பட்டியலைப் படித்த பாட்டியார், "இது நம் அடுக்களைதானே!" என்றார். உண்மையே. நீரை வடிகட்டிக் காய்ச்சும் வழக்கம் நம்மில் பலர் இல்லங்களில் தேய்ந்து வருவதையும் இங்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மற்றொன்றில் பாட்டியாருக்கு மன வருத்தம் நேர்ந்தது. நாள்தோறும் ஜினாலயத்திலிருந்து அபிடேக நீரைக் கொணர்ந்து பேரன் நெற்றியில் தடவுவதும், பூவைத் தலையணையருகில் வைப்பதும் அவர் வழக்கம். சிகிச்சை அறைக்குள் அவ்விரண்டும் செல்லா. மலரிலும் காய்ச்சாத நீரிலும் கிருமியும் பூஞ்சையும் தங்கும். அருகப் பெருமானின் வழிபாட்டுக்கு இதனால் குறைவில்லை. பஞ்ச நமஸ்காரத்தைப் பேரன் செவியில் தொலைபேசி வழியே ஓதினாலும் அது மந்திரமே என்று நாம் கூறினோம். அவர் முழுதும் ஏற்றாரா என்பது அவர்க்கே வெளிச்சம். நீரை மட்டும் நிறுத்திவிட்டார்.

இரவு மருந்து பற்றியும் கேட்டனர். உறுப்பு ஏற்புக்கான மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாது கொள்ள வேண்டும். இராவுணவு நீக்கும் நியமத்தை ஏற்கையிலேயே நீருக்கும் மருந்துக்கும் விலக்கு வைத்துக் கொள்வோர் நம்மில் பலர். அங்ஙனம் வையாதவர், முன்னரே பெரியோரிடம் தெரிவித்து நியமத்தைத் திருத்திக் கொள்ளுதல் நன்று. இதற்காக வேளையை மாற்றுதல் கூடாது.

இதனினும் கடினமான வினா மருந்தின் மூலத்தைப் பற்றியது. இச்சிகிச்சையில் சில வேளை பயன்படும் எதிர்ப்பொடுக்கும் புரதமருந்து குதிரை அல்லது முயலின் குருதியிலிருந்து பெறப்படுவது. குருதி உறையாமல் காக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருவது. சைக்ளோஸ்போரின் மருந்தின் மென்குளிகை உறை ஜெலாட்டினால் ஆயது. கரைசலாகக் கிடைப்பதில் சாராயச் சேர்மானம் உண்டு. எப்பக்கம் திரும்பினும் முள். தந்தையார் மூன்று நாள் உறங்கவில்லை. இல்லறத்தார்க்குச் சங்கற்ப இம்சையையே, அதாவது கொல்லும் கருத்தோடு செய்யும் கொலையையே, முற்றும் விலக்குமாறு ஆசாரியர்கள் அணுவிரதத்தை வகுத்தனர். மாற்று உண்டா என மருத்துவரை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். உண்டெனின் அதை நாட வேண்டும். இல்லையெனின் பிள்ளையின் உயிர் காக்க அம்மருந்தை ஏற்று, உள்ளம் நொந்து பிரதிக்கிரமணம் செய்து கொள்வதே தக்கது என்பது நம் கருத்து. மருத்துவருக்குத் தெரியாமல் மருந்தை நிறுத்துவது அகிம்சை ஆகாது.

நலம் கேட்க வந்தோரில் சிலர், "முற்பிறவி வினை" என்று பையன் காதில் விழவே கூறிச் சென்றனர். அசாதா வேதனீயத்தின் உதயம் துன்பம் தரும் என்பது நம் கொள்கைதான். அது தன் வினையை ஆராய்வதற்கு வகுத்த கல்வி. பிறர் கட்டிலருகே நின்று தீர்ப்புரைப்பதற்கன்று. பிணியாளர்க்குத் தொண்டு செய்தலை வையாவிருத்தியம் எனத் தவத்துள் ஒன்றாகவே வைத்தது நம் சமயம்.

இனிச் சிறுமியிடம் வருவோம். பாட்டியார்தாம் முதலில் தடை சொன்னார். பெண் பிள்ளை, இடுப்பெலும்பில் ஊசி குத்தினால் நாளை மணமும் மகப்பேறும் என்னாகும் என்றார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மயக்க மருந்து தந்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவர். எலும்பை அறுப்பதில்லை. கொடுப்பவர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மிகாமல் எடுப்பது வரையறை. சில நாள் இடுப்பு வலிக்கும், களைப்பு இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மகப்பேற்றுக்கு இதனால் ஊறு இல்லை. மயக்க மருந்துக்குரிய சிறு இடர் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு அவர் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுச் சிறுமியோடு தனியே பேசினார். இதனைத் தந்தையார் முதலில் அவமதிப்பாக எண்ணினார். அன்றிரவு மகள் அவரிடம் கேட்டாள்: "அப்பா, நான் மாட்டேன் என்று சொல்லலாமா?"

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாய இறுதியில் தானத்துக்கு இலக்கணம் கூறப்படுகிறது. தன்னுடையதைத் தனக்கும் பிறர்க்கும் நலம் விளையக் கொடுப்பது தானம். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் ஆகியவற்றின் சிறப்பால் அது சிறக்கும். தன்னுடையது என்ற சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மகளின் மஜ்ஜை தந்தைக்குரிய பொருளன்று. அவர் கையொப்பம் சட்டத்துக்குப் போதும், தானத்துக்குப் போதாது. அவர் நெடுநேரம் மௌனமாக இருந்து, "சொல்லலாம் அம்மா. சொன்னாலும் உன் மேல் எனக்குக் கோபம் வராது" என்றார். பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்தும் இந்நாளில் மஜ்ஜை மாற்றம் செய்கின்றனர் ஆதலின் அவர் சொன்னது வெறும் ஆறுதலுமன்று. அவள் இரண்டு நாள் கழித்து, "நான் தருகிறேன்" என்றாள்.

மறுவாரம் நாம் சென்றிருந்தபோது, சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் ஔடத தானத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டும் விருஷபசேனையின் கதையைக் கூறினோம். முற்பிறவியில் கோயில் கூட்டும் பெண்ணாய், தியானத்திலிருந்த முனிவர்மேல் குப்பையை மூடினாள். பின் உள்ளம் கசிந்து, அவர் நோய்க்கு மருந்திட்டுத் தொண்டு செய்தாள். மறுபிறவியில் அவள் நீராடிய நீர் தேங்கிய குழியில் விழுந்த நோய் நாய் ஒன்று நலம் பெற்றெழுந்தது. அவள் உடலே மருந்தாயிற்று. சிறுமி கதையை ஆர்வமாகக் கேட்டுவிட்டு, நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்: "என் மஜ்ஜை அண்ணனுக்குச் சேராமல் போனால், அது என் தப்பா?"

புதிய மஜ்ஜை வேர்கொள்ளாமலும் போகலாம். வேர்கொண்டபின் அதன் அணுக்களே ஏற்றவர் உடலைத் தாக்கவும் கூடும். மருத்துவர் இவ்விரண்டையும் முன்பே கூறியிருந்தார். சிறுமிக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை, அவளே செவிமடுத்திருக்கிறாள். கொடுப்பவரின் பயன் கொடுக்கும்போதுள்ள பாவத்தைச் சார்ந்தது, கொள்பவரின் உடலில் நிகழ்வதைச் சார்ந்ததன்று என்று அவளுக்குக் கூறினோம். முனிவருக்கு ஆகாரம் அளித்தவர், அதன்பின் முனிவருக்குப் பிணி வந்தால் தானம் கெட்டது என்று எண்ணுவதுண்டோ? பையனும் கட்டிலில் இருந்தபடியே, "சேராவிட்டால் என் உடம்புதான் அடம்பிடிக்கிறது என்று அர்த்தம், உன் மேல் யார் பழி சொன்னாலும் நான் சண்டைக்கு வருவேன்" என்றான். பெற்றோரும் அவ்வாறே வாக்களித்தனர். உறவினர் கேட்கும்படி இதைப் பலமுறை சொல்ல வேண்டும் எனவும் முடிவு செய்தனர்.

இப்போது மருத்துவமனைக்குச் செல்ல இரு பெட்டிகள் ஆயத்தமாகின்றன. இதுவரை எல்லாம் பையனுக்கே வாங்கினர். சென்ற முறை நாம் கண்டபோது, சிறுமிக்கென அன்னையார் தனிப் பை ஒன்று அடுக்கிக் கொண்டிருந்தார். இடுப்பில் அழுத்தாத தளர்ந்த பாவாடை, இரும்புச் சத்து மாத்திரை, கணக்குப் புத்தகம். தேங்காய் உருண்டை ஒரு டப்பா. அது அண்ணனுக்கு இல்லை, எனக்கு மட்டும் என்று அவள் எழுதி ஒட்டியிருந்தாள்.