கடைவாசல் கேஸ் அடுப்புப் பராமரிப்பு



நம்மில் பலர் கடைவாசலில் கேஸ் அடுப்பு வைத்து டீ, வடை வியாபாரமும் செய்கிறோம். "வெளியில்தானே இருக்கிறது, கசிந்தாலும் காற்றோடு போய்விடும்" என்பது நம் எண்ணம். அது தவறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, சாக்கடையிலும் படிக்கட்டின் கீழும் தேங்கும். ஒரு பொறி பட்டால் பக்கத்துக் கிடங்கின் எண்ணெய் டின்களும் சாக்கு மூட்டைகளும் சேர்ந்து எரியும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்போம்.

1. சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், பெரும்பாலும் எண்ணெயும் தூசியும் பர்னரை அடைத்திருக்கும். அடுப்பு ஆறிய பின் பர்னரைக் கழற்றி, பிரஷ்ஷால் துலக்கி, நன்கு உலர்த்தி மாட்டவும். ஜெட் துளையைக் கம்பியால் குடைய வேண்டாம். துளை பெரிதானால் கேஸ் வீணாகும்.

2. ரப்பர் குழாய் வெயிலில் வெடிக்கும். வளைத்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் அன்றே மாற்றவும். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம்.

3. வாரம் ஒரு முறை இணைப்புகளில் சோப்பு நுரை தடவவும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஆபத்து.

4. சிலிண்டரை நிமிர்த்தி, சாக்கடையை விட்டுத் தள்ளி வைக்கவும். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

5. இரவில் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரிலும் மூடவும்.

வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, தள்ளி நின்று 1906 எண்ணுக்குத் தெரிவிக்கவும். தினம் ஐந்து நிமிடம் செலவிட்டால் கடைவீதி முழுவதும் நிம்மதியாக உறங்கலாம்.