பெட்டியில் அடைத்து விற்பதா, பதிவிறக்கத்தில் விடுவதா?

கடைத் தட்டில் அடுக்கிய சரக்கெல்லாம் விற்ற சரக்காகி விடாது. இதை எமது வாசகர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் கடையும் தட்டும் களஞ்சியமும் இல்லாமலே ஒரு பண்டத்தை உலகம் முழுவதும் விற்கலாம் என்ற நிலை வந்தபோது, அந்தப் பண்டத்தைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது? இவ்வாரப் பாடத்துக்கு வீடியோ கேம் தொழிலை எடுத்துக் கொள்வோம். கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் சாமான் என்று நினைப்பவர்களும் பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். நாம் பேசப்போவது விலையையும் கொமிஷனையும் திரும்பி வரும் சரக்கையும் பற்றித்தான்.

பெரிய கொம்பனிகளை விட்டுவிடுவோம். அவர்களுக்குக் கடையும் உண்டு, இணையமும் உண்டு, நட்டத்தைத் தாங்க வங்கியும் உண்டு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வெளியார் முதல் இல்லாமல், சொந்தக் காசில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் சுயாதீனத் தயாரிப்பாளர்களே எமது கதைக்குரியவர்கள்.

பிரித்தானியாவில் 2001 ஆம் ஆண்டு பல்கலைக்கழக நண்பர்கள் மூவர் இன்ட்ரோவேர்ஷன் என்ற சிறு நிறுவனத்தை ஆரம்பித்தனர். அவர்களின் முதல் கேம் 'அப்லிங்க்'. தமது இணையத்தளத்தில் ஓடர் எடுத்து, இறுவட்டைத் தபாலில் அனுப்பி விற்றார்கள். ஓடர் வந்த அளவுக்குத்தான் இறுவட்டு. மிஞ்சும் சரக்கு என்று ஒன்றில்லை. வியாபாரம் சிறிதென்றாலும் காசு நேராகக் கைக்கு வந்தது. பின்னர் வட அமெரிக்கக் கடைகளுக்குப் போக வேண்டுமென்று கனடாவின் வெளியீட்டு நிறுவனம் ஒன்றுக்கு உரிமையைக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் 2004 இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. தமக்குச் சேரவேண்டிய பங்குப் பணம் வரவில்லை என்பதே தயாரிப்பாளர்களின் முறைப்பாடு. சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் கடையைப் பூட்டிய பின் கதவைத் தட்டிய அனுபவம் எம்மில் பலருக்கும் உண்டு. எனவே இதை விரிக்கத் தேவையில்லை.

இரண்டாவது கேம் 'டார்வீனியா'. இம்முறை வேறொருவரை நம்பாமல் தாமே வெளியிட்டு, 2005 மார்ச் மாதம் பிரித்தானியக் கடைகளில் பெட்டியாகவே வைத்தார்கள். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். விற்பனை மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை. அவ்வாண்டு முடிவதற்குள் நிறுவனத்தை நடத்தியவர்கள் அரசாங்கக் கொடுப்பனவில் காலந்தள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' என்ற இணைய விற்பனைத் தளத்தை அணுகினார்கள். 2003 இல் தொடங்கப்பட்ட அத்தளம், வெளியாரின் கேம்களை ஏற்கத் தொடங்கிய காலம் அது. 2005 டிசம்பரில் டார்வீனியா அங்கே பதிவிறக்கமாக வந்தது. விற்பனை அவர்கள் நினைத்ததையும் மிஞ்சியது. அடுத்த கேம் வெளிவரும் வரை நிறுவனத்தைத் தாங்கியது அந்தப் பணம்தான். 2006 இல் சுயாதீன கேம் விழாவின் முதற் பரிசும் அதே கேமுக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கேம் மாறவில்லை; தரமும் மாறவில்லை. விற்ற இடம் மாறியது. கடைத் தட்டுக்கு நீள அகலம் உண்டு. அடுத்த மாதச் சரக்கு வந்ததும் போன மாதச் சரக்கு பின்னால் தள்ளப்படும். விளம்பரத்துக்குக் காசில்லாத சிறியவனின் பெட்டி, வாய்மொழியாகப் பெயர் பரவுவதற்கு முன்பே தட்டை விட்டு இறங்கிவிடும். இணையத் தட்டில் அந்த நெருக்கம் இல்லை. ஒன்பது மாதம் கழித்துப் பெயர் கேள்விப்பட்டவனும், வேறு நாட்டில் இருப்பவனும் அன்றே வாங்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் விளங்கிக் கொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்தவையல்ல.

கேமின் விலை 20 டொலர் என்க. கடைக்காரருக்கு 6, விநியோகஸ்தருக்கு 3 போனால் தயாரிப்பாளருக்கு 11 டொலர். அதில் இறுவட்டு, அட்டைப்பெட்டி, அச்சு, விளையாட்டுக் கருவி உரிமையாளருக்கான கட்டணம், கப்பல் கூலி எல்லாமாக 6 டொலர் செலவு. மீதி 5. பார்வைக்கு நல்ல இலாபம்தான். ஆனால் அந்த 6 டொலரை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2,000 பிரதிக்கு 12,000 டொலர் முதலில் வெளியே போகிறது. கடைகளில் 1,200 விற்று 800 திரும்பி வந்தால், கைக்கு வந்தது 13,200. இலாபம் வெறும் 1,200 டொலர். திருப்பி அனுப்பும் கூலி தயாரிப்பாளர் தலையில் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் போய்விடும். 1,091 ஆவது பிரதி விற்கும் வரை அவன் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. அதையும் விநியோகஸ்தர் தவணை சொல்லித்தான் தருவார்.

பதிவிறக்கத்தில் தளத்தின் வழக்கமான கொமிஷன் நூற்றுக்கு 30. இருபது டொலரில் 14 தயாரிப்பாளருக்கு. அதே 1,200 பிரதிக்கு 16,800 டொலர். அச்சில்லை, கப்பல் இல்லை, திரும்பி வரும் பெட்டி இல்லை. பணமும் மாதாமாதம் கணக்குப் பார்த்து வரும். ஸ்டீம் தளத்தில் புதிய கேமை வைப்பதற்கு 2017 முதல் அறவிடப்படும் கட்டணமே 100 டொலர்தான். விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அதுவும் திரும்பக் கிடைக்கும்.

அப்படியானால் விடை தெளிவுதானே என்று கேட்பீர்கள். அவ்வளவு இலகுவல்ல.

நூறு டொலரோடு நீங்கள் உள்ளே போகலாமென்றால் எல்லோரும் போகலாம். 2024 ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீமில் வெளிவந்த கேம்களின் எண்ணிக்கை 18,000 ஐத் தாண்டியது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐம்பது! டார்வீனியா போன காலத்தில் அத்தட்டில் இருந்தவை சொற்பம். வாசலில் நிறுத்தியது போல எல்லோர் கண்ணிலும் பட்டது. இன்று அதே கேம் வந்தால் மறுநாளே மறைந்து போகலாம். அத்தோடு இணையத்தில் விலை நிற்பதில்லை. கழிவு விற்பனைக் காலங்களில் 20 டொலர் கேம் 5 டொலருக்கு இறங்கும். அப்போது தயாரிப்பாளருக்குக் கிடைப்பது 3.50. மேலே சொன்ன 16,800 டொலரை எடுக்க 4,800 பிரதி விற்க வேண்டும். 2015 முதல், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதியும் உண்டு. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் சிறிய கேம் செய்தவனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வாங்குபவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் தனது த்ரீடிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகளை 2023 மார்ச் மாதம் மூடியது. எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே மட்டும் கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்க இப்போது வழியே இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2024 இல் கொண்டுவந்த சட்டம், இவ்வாறு விற்கப்படுவது சொந்தப் பொருளல்ல, பாவனை உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. பெட்டியில் வாங்கியவர் அதை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், பழைய சாமானாக விற்கலாம். (அந்த இரண்டாம் விற்பனையில் செய்தவனுக்கு ஒரு சதமும் இல்லை என்பது வேறு விடயம். எமது ஊரில் ஒரு காலத்தில் நடைபாதையில் கூட விற்ற பிரதி இறுவட்டுகளில் முதல் விற்பனைக்கே ஒரு சதமும் போகவில்லை. அதைப் பற்றி நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

இந்த இடைவெளியைத்தான் சிலர் வியாபாரமாக்கினார்கள். அமெரிக்காவில் 2015 இல் தொடங்கிய லிமிட்டட் ரன் கேம்ஸ், பதிவிறக்கமாக மட்டும் கிடைத்த கேம்களைக் குறைந்த எண்ணிக்கையில் பெட்டியாக்கி, கடைக்கே போடாமல் தனது இணையத்தளத்தில் நேரடியாக விற்றது. முதல் வெளியீடான 'பிரீச் அன்ட் கிளியர்' 1,500 பிரதிகள். அன்றே விற்றுத் தீர்ந்தது. பிற்காலத்தில் சில வாரங்கள் ஓடர் எடுத்து, வந்த ஓடர் அளவுக்கு மட்டும் அச்சிடும் முறைக்கும் போனார்கள். பிரித்தானியாவில் சுப்பர் ரெயார் கேம்ஸ் போன்றவர்களும் இவ்வழியில் வந்தனர். 2022 இல் சுவீடனின் எம்பிரேசர் குழுமம் லிமிட்டட் ரன்னை வாங்கிக்கொண்டது. கவனியுங்கள்: இது இன்ட்ரோவேர்ஷன் நண்பர்கள் 2001 இல் தபாலில் செய்த அதே வேலைதான். பணம் முதலில், சரக்கு பிறகு, மிச்சம் பூச்சியம்.

இதிலும் முள் இருக்கிறது. ஓடர் முடிந்து தொழிற்சாலைக்குப் போய்ப் பெட்டி வீட்டுக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அவ்வளவு காலமும் வாடிக்கையாளரின் பணம் உங்கள் கையில். தாமதம் கூடக்கூட நம்பிக்கை குறையும். இதை வாங்குபவர்களும் ஏற்கனவே கேமைப் பதிவிறக்கி விளையாடி முடித்தவர்களே பெரும்பாலும். அவர்கள் வாங்குவது அலுமாரியில் வைக்கும் ஞாபகப் பொருளை. ஆகவே பெயரெடுத்த கேமுக்குத்தான் இது சரிவரும். முகம் தெரியாத புதிய கேமைப் பெட்டியாகவே முதலில் இறக்குவது, எனது அபிப்பிராயத்தில், வீட்டை ஈடு வைத்துச் செய்யும் வியாபாரம்.

செலவை யார் தாங்குவது என்ற கேள்வியும் தீரவில்லை. 2017 இல் 'ரைம்' என்ற கேம் மற்றைய கருவிகளுக்கு 29.99 டொலர் என்றும், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு மட்டும் 39.99 என்றும் அறிவிக்கப்பட்டபோது வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. அதற்கான தயாரிப்புச் செலவு கூடுதல் என்பதே கொடுக்கப்பட்ட விளக்கம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு நின்டெண்டோ ஒரு புதிய வழி வைத்திருக்கிறது. கடையில் பெட்டி விற்கிறது, உள்ளே அட்டையும் இருக்கிறது. ஆனால் அட்டையில் கேம் இல்லை, அதைப் பதிவிறக்குவதற்கான திறப்பு மட்டுமே. கடைக்காரருக்கு விற்க ஒரு பெட்டி கிடைக்கிறது, வாங்கியவர் அதை மறுபடி விற்கவும் முடிகிறது. கேம் முழுவதையும் கொள்ளும் விலை கூடிய அட்டையின் செலவு வெளியீட்டாளருக்கு மிஞ்சுகிறது. பதிவிறக்கும் தளம் என்றாவது மூடப்பட்டால் அந்த அட்டைக்கு என்ன பெறுமதி என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்ட்ரோவேர்ஷனைப் பொறுத்தவரை, 'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' என்ற பிந்திய கேமை 2012 இல் அரைகுறையாக இருக்கும்போதே தமது தளத்தில் பணத்துக்கு விடத் தொடங்கினார்கள். 2015 இல் முழுமையாக வெளிவருவதற்கு முன்பே விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2019 இல் அதன் உரிமையை சுவீடனின் பராடொக்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.