ஆர்கானிக் பாக்கெட்டும் ஆறு மாதக் குழந்தையும்

திருவேற்காட்டிலோ மாங்காட்டிலோ அம்மன் சந்நிதியில் முதல் சோறு ஊட்டித் திரும்பியதுமே வீட்டில் ஆலோசனைகள் குவிந்துவிடும். பாட்டி கேழ்வரகு என்பார், பக்கத்து வீட்டு அக்கா ஏத்தங்காய் மாவு என்பார், கைபேசியோ 'ஆர்கானிக்' என்று பாடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கும் குடும்பத்தில், மளிகைக் கணக்குக்கு மேல் குழந்தை மாவு தனிச் செலவாக ஏறிக்கொள்கிறது. அந்தப் பணம் எங்கே பலன் தரும், எங்கே வீணாகும்?

நம்பிக்கை 1: 'இயற்கை' என்று அச்சிட்டிருந்தால் அது ஆர்கானிக்.

உண்மை: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு ஆர்கானிக் உணவு விதிமுறைகளின்படி, ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' போன்ற அரசின் ஆர்கானிக் முத்திரை வேண்டும். அதன் பின்னால் என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ்.-இந்தியா என்ற அரசுத் திட்டங்களில் ஒன்றின் சான்று இருக்க வேண்டும். 'நேச்சுரல்', 'பாரம்பரியம்', 'வீட்டுப் பக்குவம்' எதுவும் சான்று ஆகாது. 'பி.ஜி.எஸ்.-இந்தியா கிரீன்' என்றிருந்தால், நிலம் இன்னும் ஆர்கானிக் முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நேரடியாக விற்கும் சிறு விவசாயிகளுக்கு விதியில் தளர்வு உண்டு. அவர்களிடம் முத்திரையைத் தேடாமல், எந்த ஊர், எந்தப் பட்டம், பூச்சிக்கு என்ன தெளித்தீர்கள் என்று கேளுங்கள். தானே விளைவித்தவருக்குப் பதில் சொல்லத் தெரியும்.

நம்பிக்கை 2: உழவர் சந்தைக் காய் எல்லாம் மருந்தடிக்காதது.

உண்மை: 1999இல் தொடங்கிய உழவர் சந்தையின் நோக்கம் இடைத்தரகரைத் தவிர்ப்பதுதான். விளைவிக்கும் முறைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. ஆனாலும் அம்பத்தூர், பருத்திப்பட்டு சந்தைகளில் காலையில் போனால் காய் புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, பரங்கி, கேரட் போன்றவற்றைத் தோல் சீவினால் மேலே படிந்த மருந்தில் கணிசமான பங்கு போய்விடும்.

நம்பிக்கை 3: ஆர்கானிக் என்றால் நச்சே இருக்காது.

உண்மை: பூச்சிமருந்து குறையும் என்பது சரி. ஆனால் ஆர்செனிக், காரீயம் போன்றவை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பயிருக்குள் ஏறுகின்றன. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று குழந்தை உணவுகளில் இந்த உலோகங்கள் இருப்பதை அம்பலப்படுத்தியபோது, ஆர்கானிக் என்று விற்கப்பட்டவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மற்றத் தானியங்களைவிட அரிசி ஆர்செனிக்கை அதிகம் இழுக்கும். அதனால் மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியாகவே கொடுக்காமல் கேழ்வரகு, கோதுமை, கம்பு என்று மாற்றுங்கள். நிறைய தண்ணீர் வைத்துக் கஞ்சியை வடித்துவிடும் பழைய முறையில் ஆர்செனிக் குறையும். அதோடு சில பி வைட்டமின்களும் போகும் என்பதால் பருப்பைச் சேர்த்துப் பிசையுங்கள்.

நம்பிக்கை 4: ஆர்கானிக் மாவில் சத்து அதிகம்.

உண்மை: சத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தில் என்னென்ன சேர்கிறது என்பதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அது பெரிய வரம்தான். ஆனால் அதிலுள்ள பைட்டேட், இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ஊறவைத்து முளைகட்டினால் அந்தத் தடை தளரும். முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். சைவ வீட்டில் பருப்பு, கெட்டித் தயிர், கீரையோடு, இரும்புச்சத்துச் சொட்டு தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கஞ்சியின் பதமும் முக்கியம். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு சுமார் 200 கலோரி வேண்டும். அந்தச் சின்ன வயிற்றில் நீர்த்த கஞ்சி இடத்தை அடைக்குமே தவிர, பசி தீர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதமும், மேலே ஒரு சொட்டு நெய்யும் போதும்.

நம்பிக்கை 5: இருபது வகை போட்ட சத்துமாவுதான் உசத்தி.

உண்மை: முதல் வாரமே இருபதையும் கலந்து கொடுத்தால், தடிப்போ வாந்தியோ வரும்போது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளியில் தொடங்குங்கள். பிறகு இரண்டு பங்கு முளைகட்டிய கேழ்வரகு, ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு என்ற சேர்மானமே போதும். பாக்கெட் விலையைக் கிலோ விலையாக மாற்றிக் கணக்குப் போடுங்கள். ஆர்கானிக் கேழ்வரகை முழுத் தானியமாக வாங்கி மாவு மில்லில் அரைத்தால் பெரும்பாலும் செலவு குறைவாகவே வரும். மிளகாய் அரைத்த மெஷினில் மட்டும் போடவிடாதீர்கள்.

நம்பிக்கை 6: அங்கன்வாடி மாவு ஏழைகளுக்கு மட்டும்.

உண்மை: வருமான வரம்பு கிடையாது. ஆறு மாதம் முடிந்த குழந்தையைப் பதிவு செய்தால், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் இணை உணவு இலவசமாகக் கிடைக்கும். கோதுமை, கேழ்வரகு, கடலை ஆகியவற்றோடு வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்த மாவு அது. வெல்லமும் ஏற்கெனவே இருப்பதால் மேலே இனிப்பு எதுவும் போட வேண்டாம்.

நம்பிக்கை 7: நாட்டுச்சர்க்கரை, தேன் என்றால் பரவாயில்லை.

உண்மை: இரண்டு வயதுவரை நீங்களாகச் சர்க்கரை சேர்க்க வேண்டாம், ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம். எவ்வளவு சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. அதில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கடைப் பாக்கெட்டிலும் சர்க்கரை அளவைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகவும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்ப்பதில்லை என்றும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்டது. பிறகு செரிலாக் நிறுவனம் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது. இரண்டு வயதுக்குட்பட்டோரின் உணவை விளம்பரம் செய்வதே இந்தியச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் முதலில் முட்டைக்கும் பருப்புக்கும் ஒதுக்குங்கள். அடுத்து வாழைப்பழம், பப்பாளி, கீரை. அதற்கும் மேல் மிஞ்சினால், குழந்தை தினமும் சாப்பிடும் ஒரே ஒரு தானியத்தை மட்டும் முத்திரை பார்த்து ஆர்கானிக்காக வாங்குங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், விலை உயர்ந்த மாவைத் தின்றும் குழந்தைக்கு ரத்தசோகை வரலாம்.