தடக்காற்றும் பருவக்காற்றும்: ஒரே விதியின் விளைவுகள்

பூமத்திய ரேகையின் இருபுறமும், ஏறத்தாழ 30 பாகை அட்சம் வரையிலுள்ள கடற்பரப்பில், பெரும்பாலும் திசை மாறாது வீசும் காற்றுக்கு வியாபாரக் காற்று என்னும் பெயர் பாடநூல்களில் வழங்கி வந்துள்ளது. ஆனால் ஆங்கிலத்தில் 'ட்ரேட்' என்னும் சொல்லுக்கு முற்காலத்தில் வழி, தடம் என்பதே பொருள். வாணிகம் என்ற பொருள் பின்னர் வந்ததாகும். ஆகவே தடக்காற்று என்பதே பொருத்தமான பெயர்.

பூமத்திய ரேகைப் பிரதேசத்தில் உஷ்ணம் மிகுதி. அங்குக் காற்று விரிவடைந்து, நீராவியுடன் 15 கிலோமீட்டர் உயரம் வரை எழுகிறது. பின்னர் துருவங்களை நோக்கிப் பரவி, ஏறத்தாழ 30 பாகை அட்சத்தில் கீழிறங்குகிறது. கீழிறங்கிய காற்றின் ஒரு பகுதி தரையை ஒட்டிப் பூமத்திய ரேகைக்கே திரும்புகிறது. அங்ஙனமாயின் வட கோளத்தில் அது வடக்கிலிருந்தன்றோ வீச வேண்டும்? வடகிழக்கிலிருந்து வீசுவது ஏன்?

1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்னும் ஆங்கிலேயர் இதற்குப் பூமியின் சுழற்சியைக் காரணமாகக் காட்டினார். பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. 30 பாகை அட்சத்தில் அவ்வேகம் 1,450 கிலோமீட்டர் அளவே. குறைந்த வேகமுள்ள இடத்திலிருந்து வரும் காற்று, விரைந்து செல்லும் நிலத்திற்குப் பின்தங்குகிறது. பின்தங்கும் காற்று நமக்குக் கிழக்கிலிருந்து வீசுவதாகத் தோன்றும். தென் கோளத்தில் இதே காரணத்தால் தென்கிழக்குத் தடக்காற்று உண்டாகிறது. வழியில் கடற்பரப்பின் உராய்வு இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியைப் போக்கிவிடுகிறது.

இவ்விளக்கம் திசையைச் சரியாகக் காட்டும். விலக்கத்தின் அளவையோ குறைத்தே காட்டும். சுழலும் இயந்திரங்களைப் பற்றி 1835இல் கொரியாலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட ஆய்வின் வழியே முழுக் கணக்கும் தெளிவாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கோடையில் குறைந்த அழுத்தப் பகுதி வட இந்தியச் சமவெளிக்கு நகர்கிறது. அது ஈர்ப்பதால், தென் இந்துமாக்கடலின் தென்கிழக்குத் தடக்காற்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைக் கடக்கிறது. இப்போது நிலைமை தலைகீழாகிறது. 15 பாகை வட அட்சத்தில் நிலத்தின் வேகம் 1,610 கிலோமீட்டர் அளவே. மிகுந்த வேகமுள்ள இடத்திலிருந்து வரும் காற்று நிலத்தை முந்துகிறது. எனவே மேற்கிலிருந்து வீசுகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்காற்பங்கு இப்பருவத்தில் பெய்கிறது.

அதே பருவத்தில் தென்னிந்தியாவின் மேலே, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து கடுங்காற்று ஓடுவதை 1958இல் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் விளக்கினார். திபெத்தியப் பீடபூமியின் மேலிருந்து தெற்கே பரவும் காற்று பின்தங்குவதால் அது உண்டாகிறது. விதி ஒன்றே.

இவ்விதி திசையைக் கூறும். மழை எந்த ஆண்டு பொய்க்கும் என்று கூறாது. 1877இல் பருவமழை தவறிப் பெரும் பஞ்சம் நேர்ந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், இத்தகைய தவறுதலை முன்னறியும் வழியைத் தேடினார். பல நாட்டு நிலையங்களின் குறிப்பேடுகளை ஒப்பிட்ட அவர், பசிபிக் பெருங்கடலிலும் இந்துமாக்கடலிலும் காற்றழுத்தம் துலாக்கோல் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். பசிபிக்கின் தடக்காற்று தளரும் எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் மழை குறையும் வாய்ப்பு மிகுதி என்பது இன்று தெளிவு. எனினும் 1997இல் எல் நினோ வலுவாக இருந்தும் பருவமழை ஏறத்தாழ வழக்கமான அளவில் பெய்தது. ஆகவே ஒரே அறிகுறியைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது.

ஆசிரியர்கள் தடக்காற்றையும் பருவக்காற்றையும் தனித்தனிப் பாடங்களாக அன்றி, உலக உருண்டையின் மீது தொடர்ந்து செல்லும் ஒரே கோடாக வரைந்து காட்டுதல் நலம். காற்றுக்குப் பெயரிடுவது அது வரும் திசையைக் கொண்டேயன்றிச் செல்லும் திசையைக் கொண்டன்று என்பதையும் வலியுறுத்த வேண்டும். நிலையப் பணியாளர்களும் திசைகாட்டியின் அம்புமுனை சுட்டும் திசையையே பதிவு செய்தல் வேண்டும். இதனை மாற்றி எழுதினால் தென்மேற்குக் காற்று ஏட்டில் வடகிழக்காகிவிடும். வாக்கர் ஒப்பிட்டவை இத்தகைய ஏடுகளே.