போக்கர் ஆட்டக்காரரின் ஐந்தொகை

காரைக்கால்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ விசைப்படகு வைத்திருப்பவர் எவரும் ஒரு நாள் மீன்பாட்டைக் கொண்டு வருஷத்து இலாபத்தை நிர்ணயிப்பதில்லை. டீசலும் ஐஸும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கட்டிக் கிடக்கும் தடைக்காலமும் கழிந்த பின்பே கணக்குப் பேசுவார். போக்கர் டோர்னமென்டை ஜீவனோபாயமாகக் கொள்ள நினைக்கும் காரைக்கால் இளைஞருக்கும் அந்த நிதானமே வேண்டும். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்து 2025இல் பாராளுமன்றம் சட்டமியற்றிவிட்டபடியால், அவர் பிரயாணப்படுவது பெரும்பாலும் கோவாவின் மாண்டவி ஆற்றுக் காஸினோக் கப்பல்களுக்கே.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். பிரவேசக் கட்டணம், பரிசு, ரயில், விடுதி ஆகிய யாவும் அன்றிரவே பதிவாகட்டும். தோற்றபின் மறுபடி கட்டி நுழைந்த தொகைதான் ஞாபகத்திலிருந்து முதலில் நழுவுவது. பிறர் பங்கு போட்டிருந்தால் தமது பாகத்தை மட்டும் எழுதுக.

அடுத்து, மொத்தப் பரிசிலிருந்து மொத்தக் கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தைக் கட்டணத்தால் வகுத்தால் இலாப விகிதம் கிடைக்கும். இதை உடனே நம்பிவிடலாகாது. நூறு பேர் ஆடுமிடத்தில் பரிசு பெறுவோர் சுமார் பதினைந்து பேரே. பரிசுத் தொகையிலும் பெரும்பகுதி முதல் மூவருக்குப் போவதால், சமர்த்தருக்கும் பெரும்பாலான நாட்கள் நஷ்ட நாட்களே. ஓர் ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்ட விலக்கத்தை, மூன்று கட்டணம் என்று வைத்துக்கொண்டால், அதை ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க, 100 ஆட்டங்களுக்குப் பின்னும் பிழை 30 சதவீதம் நிற்கும். 900 ஆட்டங்களுக்குப் பின்னரே அது 10 ஆகக் குறையும். எனவே நூறு ஆட்டத்தில் கண்ட 20 சதவீத இலாபம் சாமர்த்தியமா, வெறும் அதிர்ஷ்டமா என்று ஒருவராலும் அறுதியிட இயலாது. ஆகப்பெரிய ஒரு பரிசைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி கூட்டிப் பார்ப்பதும் நன்று. சற்றே அநியாயமான பரீட்சைதான், ஆனாலும் மயக்கம் தெளியும்.

கடைசியாக வரி, நம் தேசத்தில் விவகாரம் முடிவாவது இங்கேதான். சீட்டாட்ட வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. அதை ஈட்டச் செய்த செலவைக் கழிக்க வருமானவரிச் சட்டம் இடந்தரவில்லை. பத்து லட்சம் கட்டிப் பன்னிரண்டு லட்சம் வென்றவர், மேல்வரியை விட்டுவிட்டாலும், 3.6 லட்சம் செலுத்தி 8.4 லட்சத்தோடு நிற்பார். இருபது சதவீத இலாபம் பதினாறு சதவீத நஷ்டமாகிவிட்டது. போட்ட முதல் மீளவே ஏறக்குறைய 14.3 லட்சம், அதாவது 43 சதவீத விகிதம் வேண்டும். அதற்கு மேல் வருவதிலிருந்துதான் காரைக்காலுக்குத் திரும்பும் ரயில் கட்டணமும் கழியவேண்டும்.