மானாவாரிக் காட்டில் மேய்ச்சல் புல்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கக் காடெல்லாம் பச்சை கட்டும். மாசி பிறந்ததும் ஆடுமாடுகள் கம்மாய்க்குள் சீமைக்கருவேல நெற்றுப் பொறுக்கப் போய்விடும். தரிசாகக் கிடக்கும் ஒரு ஏக்கரில் புல்லை வேர்பிடிக்க வைத்துவிட்டால் பல வருடம் பலன் தரும். அதற்கு முதல் வருடம் தண்ணீரைவிடக் காவல்தான் முக்கியம்.

1. மண்ணைப் பார்த்துப் பயிர்

செவக்காட்டுக்கும் சரளைக்கும் கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசால் ஏற்றது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள், வெள்வேல மரத்தடியில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தது இந்தக் கொழுக்கட்டைதான். தண்ணீர் தேங்கும் கரிசலில் அது அழுகிவிடும். கரிசக்காட்டில் தீவனச் சோளமும் வேலி மசாலும் போடுங்கள்.

2. நிலத்தைத் தயார் செய்தல்

கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுங்கள். வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். கிடை போட்டால் நல்ல எரு. ஆனால் நெற்றுத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து கருவேலங்கன்று முளைக்கும். கண்டதும் பிடுங்குங்கள்.

3. விதை நேர்த்தி

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்றால், ஏக்கருக்குப் புல் விதை 2 கிலோ, மசால் விதை முக்கால் கிலோ போதும். புதிதாக அறுத்த புல் விதை சரியாக முளைக்காது. சில மாதம் இருப்பு வைத்த விதையைக் கேட்டு வாங்குங்கள். மசால் விதையின் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

4. விதைப்பு

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் மழையிலோ விதைக்கலாம். வரிசைக்கு வரிசை அரை மீட்டர். புல் விதை பஞ்சுபோல் பறக்கும். மணலோடு கலந்து தூவுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. முள்ளுக் கொப்பை மேலாக இழுத்துவிட்டாலே போதும்.

5. முதல் வருடக் காவல்

ஒரு மாதத்தில் ஒரு களை. 75 நாளில், தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுங்கள். பச்சையைப் பார்த்து ஆட்டை உள்ளே விட்டால், வேர் பிடிக்காத தூரைப் பிடுங்கியே தின்றுவிடும். மசால் முதல் வருடம் மெலிந்துதான் தெரியும். மனம் தளர வேண்டாம். அடுத்த முறை தழைவதை அறுக்காமல் விதை உதிரவிட்டால், காலி இடமெல்லாம் தானே நிரம்பும்.

6. மேய்ச்சல்

இரண்டாம் வருட மழைக்குப் பிறகு நிலத்தை நாலு பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். மிஞ்சியதைப் பூக்கும் தருணத்தில் அறுத்துக் காயவைத்துப் படப்புப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

இளஞ்சோளத்திலும் வெயிலில் வாடிய சோளத்திலும் மாட்டைக் கொல்லும் விஷம் உண்டு. பூத்த பிறகே அறுத்துப் போடுங்கள். ரகம் பற்றிய சந்தேகங்களுக்கு கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோடை உழவுக்கு முன்பே ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிடுங்கள். மழை இறங்கிய பிறகு விதை தேடி அலைந்தால் ஒரு வருடமே போய்விடும்.